முன்னால் நடந்தவன்

பைத் அக்லான் ஊரில் காளை அறுக்க வேண்டுமென்றால் முக்பிலைத்தான் கூப்பிட வேண்டும். பிள்ளைகளுக்குக் கத்னா என்கிற சுன்னத் செய்ய, தலை மழிக்க, கல்யாணத்துக்குச் சமைக்க, மத்தளம் அடிக்க, இரண்டு கோத்திரங்களுக்குள் சண்டை வந்தால் இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோக, சந்தையில் கல் மேல் ஏறி நின்று செய்தி கூவ, எல்லாவற்றுக்கும் முக்பில்தான். முஸய்யின் வீடு என்றால் எங்கள் மலையில் இத்தனையும் அதில் அடக்கம். முஸய்யினை யாரும் அடிக்கக் கூடாது, சுடவும் கூடாது. பெண்களையும் குழந்தைகளையும் போல அவனும் கோத்திரத்தின் காவலில் இருப்பவன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காவலில் இருப்பவன் இன்னொருவனுக்குக் காவல் நிற்க முடியாது. இடுப்புக் கத்தியை வயிற்றுக்கு நேராக நிமிர்த்திக் கட்டக் கூடாது. சபையில் வாய் திறக்கக் கூடாது. கோத்திரத்தான் நடந்தால் இவன் பின்னால்தான் நடக்க வேண்டும்.

முக்பிலுக்கு இதில் குறை ஒன்றும் தோன்றியதில்லை. அவருடைய வாப்பாவும் அப்படித்தான் நடந்தார். குறை தோன்றியது மகன் ஹிஸாமுக்கு.

ஹிஸாமுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஷேக் முஃப்ரிஹின் வீட்டில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் துப்பாக்கிக்காரர்கள் முன்னால் ஆடிக்கொண்டு போனார்கள். முக்பில் மத்தளத்தோடு கடைசியில். திடீரென்று பார்த்தால் மகன் முன்வரிசையில், ஷேக்கின் மகன் ஆயிளுக்கும் ஒரு அடி முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறான். ஆயிள் அவன் வயதுக்காரன், ஓடையில் ஒன்றாகக் குளித்தவன், அவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வேறு யாரும் வாயைத் திறப்பதற்குள் முக்பில் மத்தளத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். எல்லோரும் பார்க்க மகன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"பின்னால வாடா. உன் இடம் எதுன்னு தெரியாதா?"

ஹிஸாம் பின்னால் வந்தான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஊர்வலம் முடியும் வரை பின்னாலேயே நடந்தான். ஷேக் முஃப்ரிஹ் சிரித்துக்கொண்டே, "விடு முக்பில், ஆடட்டும், கல்யாண வீடுதானே" என்று பெருந்தன்மை காட்டினார். அடித்தது அப்பன், பெயர் வாங்கியது ஷேக்.

அதற்கு ஏழு வருடம் கழித்து, தலைநகர் ஸன்ஆவில் நாட்டை ஆண்ட இமாமின் மாளிகையைப் பீரங்கியால் அடித்துவிட்டுக் குடியரசு வந்துவிட்டது. ஊரில் ரேடியோ இருந்தது ஷேக் வீட்டில் மட்டும். முக்பில் அப்போது ஷேக்கின் தலையை மழித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் ஹிஸாம். இனி நபி வம்சத்து ஸெய்யிதும் கோத்திரத்தானும் முஸய்யினும் எல்லாரும் சமம் என்று ரேடியோக்காரன் தொண்டை கிழியக் கத்தினான். ஷேக்குக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குலுங்கிச் சிரித்ததில் கத்தி பட்டு மண்டையில் இரத்தம் வந்துவிட்டது.

"கேட்டியா முக்பில்? நாளையிலேருந்து நான் உனக்குச் சிரைக்கணுமாம்!"

முக்பிலும் சிரித்தார். ஹிஸாம் சிரிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, உம்மா தகிய்யா கொடுத்த நான்கு ரொட்டியை முடிந்துகொண்டு, மூன்று நாள் நடந்து ஸன்ஆ போய்ப் படையில் சேர்ந்தான்.

குடியரசுக்கு அப்போது அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவனை, மலையில் மூச்சு வாங்காமல் ஏறுகிறவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஹிஸாமுக்கு இரண்டும் உண்டு. ஆறு மாதத்தில், குடியரசுக்குத் துணையாக வந்திருந்த எகிப்துக்காரர்கள் அவனைக் காலாட்படை லெப்டினன்டாக்கித் தோளில் நட்சத்திரம் குத்தி அனுப்பினார்கள்.

முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தான். பூட்ஸ் சத்தம் கேட்டு நாய்கள் குரைத்தன. சந்தையில் காத் இலை மென்றுகொண்டிருந்த கூட்டம் அவனை மேலும் கீழும் பார்த்தது.

"வாங்க அதிகாரி! கத்தரிக்கோல் கொண்டாந்தீங்களா? என் கழுதைக்கு முடி வளர்ந்து கெடக்கு" என்றான் ஷேக்கின் தம்பி மகன் முஸ்ஃபிர். அந்தப் பள்ளத்தாக்கில் அவனைப் போலக் குறி பார்த்துச் சுட ஆள் கிடையாது. வாய் அதைவிட நீளம்.

ஹிஸாம் நின்றான். "கழுதைய வரச் சொல்லு. வெட்டிட்டுப் போறேன். எங்க, நீயே குனி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முஸ்ஃபிர் கூடச் சிரித்துவிட்டான். முக்பில் மட்டும் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்ததும் மகனைத் திட்டினார்.

"அவங்க பேசுவாங்க, நாம கேட்டுக்கணும். நாளைக்கு நீ போயிடுவ. இங்க இருக்கப் போறது நானு."

"வாப்பா, நான் சண்டை போடுறதே அதுக்குத்தான்."

"எதுக்கு?"

"நீங்க கேட்டுக்காம இருக்கறதுக்கு."

முக்பில் எழுந்தார். மகனுடைய பூட்ஸை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்ப உள்ளே எடுத்து வைத்தார்.

தப்பிப் பிழைத்த இமாமோடு குடியரசு நடத்திய போர் எல்லோரும் நினைத்ததைவிட நீண்டது. பாதி மலை இமாம் பக்கம், பாதி மலை குடியரசு பக்கம், மாதத்துக்கு ஒரு முறை பாதிகள் இடம் மாறின. ஹிஸாம் ஐந்து வருடத்தில் கேப்டன் ஆனான். பெரிய வீரச்செயல் என்று எதுவும் அவன் பேரில் இல்லை. அவன் கம்பெனி நடக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் நடை முடிந்ததும் சிப்பாய்களை வரிசையாக உட்கார வைத்து, பூட்ஸைக் கழற்றச் சொல்லி, பாதங்களைத் தானே பார்ப்பான். முள் இருந்தால் எடுப்பான், கொப்புளம் இருந்தால் கீறிவிடுவான். மற்ற அதிகாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "முஸய்யின் புத்தி போகுமா" என்பார்கள். "உங்க கம்பெனி நொண்டுது, என் கம்பெனி நடக்குது" என்பான் அவன்.

முடி வெட்டும் கத்தரியை மட்டும் அவன் தொட்டதே இல்லை. யார் கேட்டாலும் தொடவில்லை. ஆனால் ஒருமுறை மலைச்சரிவில் ஒரு மெஷின்கன் சிப்பாயின் தொடை கிழிந்து இரத்தம் கொட்டியபோது, வைத்தியர் வர நேரம் இல்லாமல், வாப்பா கத்னா செய்யும்போது பார்த்துப் பழகிய கையால் கட்டுப் போட்டுத் தைத்தும் விட்டான். அந்தச் சிப்பாய் பிழைத்துக்கொண்டான். பிற்பாடு அதற்கு ஒரு பலன் கிடைத்தது.

எகிப்துக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன அடுத்த வருடம், ஹிஸாமின் கம்பெனியை ஷிராஃப் கோட்டைக்கு அனுப்பினார்கள். அந்தக் கோட்டை பைத் அக்லானின் தலைக்கு மேலேயே இருக்கிறது. ஷேக் முஃப்ரிஹ் அப்போது இமாம் பக்கம். ஆக, மகன் மேலே, அப்பன் கீழே, நடுவில் இரண்டு பக்கத் துப்பாக்கிகள்.

முக்பிலுக்கு வேலை கூடிப்போனது. மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் செய்தி கொண்டுபோக அவரை விட்டால் ஆள் இல்லை. வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு ஏறுவார், இறங்குவார். இரண்டு பக்கமும் சுட மாட்டார்கள். கோட்டையில் மகன் கையால் காப்பிக்கொட்டைத் தோலில் காய்ச்சிய கிஷ்ர் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, தகிய்யா கொடுத்தனுப்பிய வெந்தயக் குழம்பை அவனுக்குக் கொடுத்துவிட்டு வருவார். உண்மையைச் சொன்னால், அவர் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவை.

விதைப்புக் காலம் வந்தது. கிராமத்தின் படிவயல்கள் எல்லாம் கோட்டைத் துப்பாக்கிகளின் வீச்சுக்குள். விதைக்கப் போனால் சுடுகிறார்கள், விதைக்காவிட்டால் பட்டினி. அதேபோல் கோட்டைக்கான தண்ணீர்க் குளம் கிராமத்துக்காரர்களின் வீச்சுக்குள். இரண்டு பக்கமும் பேசித்தான் ஆக வேண்டும். ஷேக் தன் மகன் ஆயிளைக் கோட்டைக்கு அனுப்பிப் பேச ஒப்புக்கொண்டார். ஆனால் யார் முகத்தில் அனுப்புவது?

எங்கள் மலையில் ஒருவன் தாடியில் கை வைத்து, "இவன் என் முகத்தில்" என்று சொல்லிவிட்டால், அந்த ஆள் திரும்பி வீடு சேரும் வரை அவனுடைய உயிர் சொன்னவனுடைய பொறுப்பு. அந்த முகத்தை ஒருவன் உடைத்தால் அது பெரிய அவமானம். கோட்டைத் தளபதி மேஜர் ஸைஃப் தெற்கே கடலோரத்துக்காரர். அவருடைய முகத்தை இங்கே யார் மதிப்பார்கள்? உள்ளூர்க்காரன் என்று பார்த்தால் கோட்டையில் இருப்பது ஹிஸாம் ஒருவன்தான்.

சண்டை நிறுத்தியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, சந்தைத் திடலில் இரண்டு பக்கமும் கூடின. ஹிஸாம் எழுந்து தாடியில் கை வைத்தான். "ஆயிள் என் முகத்தில். கோட்டைக்கு வந்து, பேசி, திரும்ப அவன் வீட்டு வாசலை மிதிக்கிற வரைக்கும்."

பிறகு முஸ்ஃபிர், "ஊர்த் தாடியெல்லாம் சிரைச்ச வீட்டுத் தாடி. அதப் பிடிச்சு என்ன பிரயோசனம்?" என்றான். திடலே சிரித்தது. ஷேக்கும் சிரித்தார். "முஸய்யினுக்கு ஏதுப்பா முகம்?"

ஆயிள் எழுந்தான். "எனக்குப் போதும். நான் ஹிஸாம் முகத்துல போறேன்."

அவன் விளையாட்டாகச் சொன்னானா, நிஜமாகச் சொன்னானா என்று பிற்பாடு பலரும் கேட்டார்கள். அவனுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். விளையாட்டும் வினையுமாகக் காரியம் முடிந்தது. முகத்துக்குத் துணையாக இன்னொருவன் முகமும் வாங்குவது வழக்கம். சிரிப்பில் அதை யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை முக்பில் வெள்ளைத் துணியோடு ஆயிளைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். வழியெல்லாம் ஆயிளுக்குப் பின்னால்தான் நடந்தார். முற்றத்தில் மேஜர் ஸைஃப் கை கொடுத்தார், உட்கார வைத்தார், கிஷ்ர் கொடுத்தார். ஆயிள் கிளாஸைக் கீழே வைத்ததும் இரண்டு சிப்பாய்கள் வந்து அவன் கையைக் கட்டினார்கள்.

"ஷேக்கின் ஒரே மகன்" என்றார் மேஜர். "இவன் இங்க இருக்கற வரைக்கும் கீழேயிருந்து ஒரு குண்டு வராது."

ஹிஸாம் முன்னால் வந்தான். "ஐயா, இவன் என் முகத்துல வந்திருக்கான்."

"கேப்டன், நீங்க குடியரசோட அதிகாரி. இந்தப் பழக்கம்தான உங்க வாப்பாவ நாப்பது வருசமா பின்னால நடக்க வெச்சுது? அதுக்கா நீங்க பரிஞ்சு பேசறது?"

முக்பில் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். மேஜர் அவரைச் சுட்டிக்காட்டித்தான் அதைச் சொன்னார். சொன்னதில் பொய் இல்லை.

"அதுல எங்களச் சேக்கவே இல்ல ஐயா" என்றான் ஹிஸாம். "வெள்ளிக்கிழமைதான் சேத்தாங்க. சேத்த மூணாம் நாளே நான் உடைக்க முடியாது."

"இது உத்தரவு."

ஹிஸாம் சல்யூட் அடித்தான். முக்பில் பயந்துபோனார். அந்தச் சல்யூட்டில் சம்மதம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பதினைந்து வயதில் அறை வாங்கிக்கொண்டு பின்னால் வந்தவனின் வாய் இருந்த மாதிரியே இப்போதும் இருந்தது.

முக்பில் கீழே போய்ச் செய்தியைச் சொன்னார். ஷேக் முஃப்ரிஹ் கத்தவில்லை. அதுதான் மோசம்.

"நாளைக்கு மத்தியானம் லுஹர் பாங்கு வரைக்கும் பார்ப்பேன். ஆயிள் வீடு வரலேன்னா, முக்பில் மகன் ஹிஸாமோட முகம் கறுத்துப்போச்சுன்னு ஏழு சந்தையிலயும் கூவணும். கூவப் போறது யாருன்னு தெரியுமில்ல?"

தெரியும். கூவுவது முஸய்யினின் வேலை.

முக்பில் திரும்பவும் மலையேறினார். ஒரே நாளில் இரண்டாவது தடவை, அறுபது வயதில். ஹிஸாமிடம் சொன்னபோது அழுதுவிட்டார்.

"டேய், நீ ஏன்டா எழுந்து நின்ன? நமக்கு எதுக்குடா முகமெல்லாம்?"

ஹிஸாம் அவருடைய செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தூக்கிப் பார்த்தான். குதிகாலில் ஒரு முள். எடுத்தான்.

"நீங்க கூவ வேண்டி வராது வாப்பா. காலையில எறங்கிப் போங்க. லுஹருக்கு முன்னால நானே ஆயிளக் கூட்டிட்டு வர்றேன்னு ஷேக்கிட்டச் சொல்லுங்க. ஊர்க் காவல் கோபுரத்துல இருக்கறவங்களுக்கும் சொல்லச் சொல்லுங்க. ஹிஸாம் வர்றான், சுடாதீங்கன்னு."

முக்பில் அப்படியே சொன்னார். ஷேக்கும் கோபுரத்துக்கு ஆள் அனுப்பிச் சொன்னார். கோபுரத்தில் இருந்தவன் முஸ்ஃபிர். அவன் காதிலும் அது விழுந்தது. இதையெல்லாம் பின்னால் யாரும் மறுக்கவில்லை.

காலை பத்து மணி வாக்கில் கோட்டைக் கதவு திறந்தது. திறந்தவர் ஹிஸாமின் ஹவில்தார். மேஜர் மாடத்தில் நின்று, சுடு, சுடு என்று கத்தியிருக்கிறார். மெஷின்கன்னில் இருந்தவன் அந்தத் தொடை தைத்த சிப்பாய். "சிக்கிக்கிச்சு ஐயா" என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தானாம். ஹவில்தார் பிற்பாடு சொன்னது.

முக்பில் குளத்தங்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். முன்னால் ஒருவன் ராணுவ உடையில். பின்னால் ஆயிள். நாள் முழுக்கக் கட்டிக் கிடந்ததில் ஆயிளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. செங்குத்தான இடங்களில் முன்னால் போகிறவனின் பெல்ட் நுனியைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தான்.

முகம் கொடுத்தவன் முன்னால்தான் நடக்க வேண்டும். குண்டு வந்தால் முதலில் அவனுக்கு. அதுதான் முறை. முறை முக்பிலுக்கு மனப்பாடம், எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். ஆனாலும் தன் மகன் ஷேக் மகனுக்கு முன்னால் நடந்து வருவதைப் பார்த்ததும் அவருக்கு முதலில் தோன்றியது பெருமை இல்லை, கூச்சம். ஊரே பார்க்கிறதே என்ற கூச்சம். 'பின்னால வாடா' என்று வாய்வரை வந்துவிட்டது. நாற்பது வருடப் பழக்கம். அதை நினைத்துச் சாகும் வரை அவர் தன்னையே வெறுத்தார். அந்த வார்த்தை வாயில் இருக்கும்போதே கோபுரத்திலிருந்து ஒற்றை வெடி கேட்டது.

முன்னால் வந்தவன் உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான்.

முக்பில் ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் ஆயிள் ஹிஸாமின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கோபுரத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் கத்திக்கொண்டிருந்தான். குண்டு நெஞ்சுக்கு நடுவில். ஹிஸாமுக்கு நினைவு இருந்தது. ஆயிளைப் பார்த்து, "போ. வீட்டு வாசலை மிதி. இன்னும் மிதிக்கல" என்றான். ஆயிள் போக மாட்டேன் என்றான். "போடா!" என்று அதட்டினான். ஆயிள் அழுதுகொண்டே எழுந்து, நொண்டிக்கொண்டே ஓடினான். முக்பில் மகனோடு இருந்தார். ஹிஸாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஷேக் வீட்டுப் பக்கம் பெண்களின் குலவைச் சத்தம் கேட்டது, மகன் வந்துவிட்டான் என்று. ஹிஸாம் அதைக் கேட்டிருப்பான் என்று முக்பில் நம்பினார். அதற்குப் பிறகுதான் கை தளர்ந்தது. அவனுக்கு இருபத்தெட்டு வயது.

மூன்றாம் நாள் விசாரணை கூடியது. பக்கத்துக் கோத்திரத்திலிருந்து ஷேக் ராஜிஹை நடுவராக அழைத்தார்கள். வயதானவர், எங்கள் மலையின் வழக்கமெல்லாம் அவர் நாக்கில் இருந்தது. முகம் கொடுத்தவனை, அதை நிறைவேற்றிக்கொண்டிருக்கும்போதே கொன்றது கறுப்பு அவமானம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கொன்றவர்கள் காளையை ஓட்டிக்கொண்டு வந்து, தலைப்பாகையைக் கழற்றி, தங்கள் கையாலேயே வாசலில் அறுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கேள்வி ஒன்றுதான். யார் வாசலில்?

முஸய்யினுக்குத் தீங்கு செய்தால் காளை முஸய்யின் வீட்டுக்குப் போகாது. அவனைக் காவல் காக்கிற ஷேக்கின் வாசலுக்குப் போகும். ஏனென்றால் அவமானம் பட்டவர் ஷேக்தான், முஸய்யின் வெறும் பொருள். இங்கே முக்பிலின் காவலர் யார்? ஷேக் முஃப்ரிஹ். கொன்றவன் யார்? ஷேக் முஃப்ரிஹின் தம்பி மகன். ஆக, ஷேக் முஃப்ரிஹ் தன் காளையைத் தன் வாசலுக்கு ஓட்டி வந்து, தன்னிடமே மன்னிப்புக் கேட்டு, கறியையும் தானே தின்பார். இதை முகத்தில் சிரிப்பில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முஸ்ஃபிரை எழுந்து பேசச் சொன்னார் நடுவர். அவன் நன்றாகக் குறுகிப்போயிருந்தான். பொய் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஹிஸாம் கூட்டிட்டு வர்றான்னு எனக்குத் தெரியும். நான் அவனத்தான் பின்னால தேடினேன். முன்னால வந்தவன் ஹிஸாம்னு எனக்கு எப்படித் தெரியும்? முஸய்யின் மகன் ஆயிளுக்குப் பின்னாலதான வருவான்? முன்னால யாரோ அதிகாரி, கயித்தப் போட்டு ஆயிள இழுத்துட்டு வர்றான்னு நெனச்சேன். வேணும்னு சுடல."

சபையில் பலர் தலையாட்டினார்கள். நியாயம்தானே, அவன் எப்படி நினைத்திருக்க முடியும்? எனக்கு இன்றைக்கும் அந்தத் தலையாட்டலை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

முக்பில் வழக்கம்போலச் செருப்புகள் கிடக்கும் இடத்தில், வாசலோரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். ஷேக் முஃப்ரிஹ், "உக்காரு முக்பில், பெரியவங்க பேசறோம்" என்றார். முக்பில் உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அவன் முன்னால வந்தானா, பின்னால வந்தானா?"

ஷேக் முஃப்ரிஹ் நடுவர் பக்கம் திரும்பினார். முக்பில் விடவில்லை.

"பின்னால வந்திருந்தா அவன் முஸய்யின். காளைய ஷேக் வாசல்ல அறுங்க, நானே வந்து தோல் உரிச்சுத் தர்றேன். முன்னால வந்திருந்தா..." கையை நீட்டி முஸ்ஃபிரைக் காட்டினார். "முன்னால வந்ததாலதான செத்தான்? பின்னால வந்திருந்தா என் புள்ள உசுரோட இருந்திருப்பானே. முஸ்ஃபிரே சொல்றாரே. அப்ப எந்த வாசல்ல அறுக்கணும், நீங்களே சொல்லுங்க."

"முன்னாலதான் வந்தான்" என்றான் ஆயிள். வாப்பாவைப் பார்க்காமல் நடுவரைப் பார்த்துச் சொன்னான். "கோட்டைக் கதவுலயே நான் சொன்னேன், நீ பின்னால வா, எங்காளுங்க என்னப் பாத்தாச் சுட மாட்டாங்கன்னு. முகம் குடுத்தது நீயா நானான்னு கேட்டான். கேட்டுட்டு முன்னால நடந்தான்."

"முகம் இல்லாதவன் முகத்துல யாரும் மகனை அனுப்ப மாட்டாங்க" என்றார் ஷேக் ராஜிஹ், ஷேக் முஃப்ரிஹைப் பார்த்து. "அனுப்பினீங்க. அவனும் கொண்டாந்து சேத்தான். காளை முக்பில் வாசலுக்குப் போகட்டும்."

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை வந்தார்கள். முக்பிலின் வீடு ஊருக்கு வெளியே, இறைச்சி தொங்கவிடும் மரத்துக்குப் பக்கத்தில். சந்து குறுகல், காளை திமிறியது. நாற்பது பேர், எல்லோருக்கும் தலை வெறுமை. முன்னால் ஷேக் முஃப்ரிஹ், அவர் பக்கத்தில் முஸ்ஃபிர், பின்னால் ஆயிள்.

காளையைக் கண்டதும் முக்பில் பழக்கத்தில் எழுந்துவிட்டார். கை தானாக மாடத்திலிருந்த கத்தியை எடுத்துவிட்டது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

ஷேக் முஃப்ரிஹ் கையைத் தூக்கித் தடுத்தார். "இன்னைக்கு நீங்க உக்காருங்க" என்றார்.

அவர் வாயிலிருந்து முக்பிலுக்கு 'நீங்க' வந்தது அதுதான் முதல் தடவை. முக்பில் கத்தியோடு அப்படியே நின்றார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தார். தகிய்யா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

ஷேக் தன் இடுப்புக் கத்தியை உருவினார். காண்டாமிருகக் கொம்புப் பிடி, நான்கு தலைமுறைக் கத்தி, ஆட்டத்துக்கும் அழகுக்கும் சரி. காளையின் கழுத்துக்கு அது எந்த மூலைக்கு? நான்கு பேர் காளையைச் சாய்த்துவிட்டார்கள், அது கண்ணை உருட்டிக்கொண்டு கிடந்தது. ஷேக் குனிந்து கத்தியை வைத்தார். கத்தி மயிரில் வழுக்கியது. அவர் ஆயுளில் ஒரு கோழி அறுத்ததில்லை.

முக்பிலால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து போய், தன் கத்தியை ஷேக்கின் காலடியில் வைத்தார்.

"இதால அறுங்க. அது மொக்கை. வாயில்லா சீவன், வலிக்கக் கூடாது."

வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். ஷேக் அந்தக் கத்தியை எடுத்தார், பிஸ்மி சொன்னார், அறுத்தார். கோணல்தான், ஆனால் ஒரே இழுப்பில் போனது. நாற்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து முக்பிலின் தலையை முத்தமிட்டார்கள். முஸ்ஃபிர் முத்தமிட்டபோது அழுதான். முக்பில் அவனைத் தள்ளவில்லை.

தோலையும் அவர்களே உரித்தார்கள். மூன்று இடத்தில் கிழித்து நாசமாக்கிவிட்டார்கள். கறியை ஊர் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

சந்தில் ஆள் இல்லாமல் போனதும் முக்பில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். அறுத்த வாசலை உடனே கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈ மொய்க்கும், வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஊரில் உள்ள எல்லா வாசலையும் அவர் அப்படிக் கழுவியிருக்கிறார்.

குடத்தைச் சாய்க்கப் போனபோது தகிய்யா வெளியே வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"கழுவாதீங்க. கெடக்கட்டும்."

முக்பில் குடத்தைக் கீழே வைத்தார். அந்த வருடம் மழை தாமதம். ஊருக்குள் போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் கறையைத் தாண்டித்தான் போனார்கள்.